அராலி மரத்தின் மறுபக்கம்

கசங்காகி காலையில் ஐந்து மரங்களைப் பார்த்துவிட்டுத்தான் தேநீரில் வாய் வைப்பார். விடுதியின் ஐந்து வீடுகளும் அந்த ஐந்து மரங்களின்மேல் இருந்தன. கையில் கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியல் இருக்கும். அடிமரத்தில் ஓங்காமல் ஒரு தட்டு, இடுப்புயரத்தில் ஒன்று, கை எட்டும் உயரத்தில் ஒன்று. தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். பிறகு சுற்றிப்போய் மறுபக்கமும் அப்படியே செய்வார். ஈரம் ஏறியிருக்கிறதா, பூச்சி புகுந்திருக்கிறதா என்பதெல்லாம் அந்தச் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.

நான்கு மரங்களுக்குத்தான் இந்தச் சோதனை. மூன்றாவது வீட்டைத் தாங்கிய மரத்துக்கு இல்லை. அதன்முன் வந்ததும் கொட்டாப்புளியை அக்குளில் இடுக்கிக்கொள்வார். படிக்கட்டு தொடங்கும் இடத்தில், கை பட்டுப்பட்டு வழவழப்பாகிவிட்ட பட்டையின்மேல் உள்ளங்கையை வைத்து, "ராத்திரி எப்படிப் போச்சு, அராலி?" என்று கேட்பார். பதிலை எதிர்பார்த்துக் கேட்கும் கேள்வியல்ல. ஆனால் அந்த ஊரில் யாரும் யாரையும் இதைக் கேட்காமல் கடந்துபோவதில்லை.

தோரோ மக்களில் ஒவ்வொருவருக்கும் பிறந்த பெயர் ஒன்று, அதற்குமேல் வணக்கப் பெயர் ஒன்று. வணக்கப் பெயர்கள் மொத்தம் பத்துப் பன்னிரண்டுதான். ஊரே அவற்றைப் பங்கிட்டுக்கொள்கிறது. கசங்காகி வீட்டிலும் வழியிலும் அட்வோக்கி. விடுதியை நடத்தும் நியாங்கோமா, அமூட்டி. பிறந்த பெயர் அரசாங்கக் காகிதத்துக்கும் கோபத்துக்கும் ஆனது. குழந்தைக்கு வணக்கப் பெயர் சூட்டும் நாளில் கூடியிருந்து கேழ்வரகுக் களியும் பீன்ஸ் மசியலும் உண்பார்கள். மூன்றாவது வீட்டின் கடைசிப் பலகையைப் பொருத்திய அன்று, தச்சர்களும் கசங்காகியும் மரத்தடியில் களி தின்று, வாழைப்பழக் கள் குடித்து, சிரித்துக்கொண்டே அந்த மரத்துக்கு அராலி என்று சூட்டினார்கள். சிரிப்பு அன்றோடு போயிற்று. பெயர் தங்கிவிட்டது.

அந்த மரத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான்.

பதினைந்து வயதில் அண்ணனோடு காட்டுக்குள் மரம் அறுக்கப் போனவர் கசங்காகி. குழிமேல் மரத்தைக் கிடத்தி, மேலே ஒருவர் கீழே ஒருவர் நின்று நீள ரம்பத்தை இழுப்பார்கள். அண்ணன் மேலே, இவர் கீழே. மரத்தூள் விழுந்து விழுந்து இடது கண் இன்றும் பாதிதான் திறக்கும். பின்னர் அரசாங்கம் காட்டை மூடியது, ரம்பங்கள் ஓய்ந்தன. தேயிலைத் தோட்டத்தில் பல வருஷம் கூடை சுமந்தார். அப்போதுதான் நியாங்கோமாவின் கணவர் இறந்து, காட்டை ஒட்டிய நிலமும் அதில் நின்ற பெருமரங்களும் அவள் கைக்கு வந்தன. தேயிலைக்காரர்கள் கேட்டார்கள், அவள் கொடுக்கவில்லை. ஒரு மரத்தையும் வெட்டாமல் மரங்களின்மேலேயே வீடு கட்டி, காட்டைப் பார்க்க வருகிறவர்களைத் தங்கவைக்கலாம் என்று யோசித்தாள். ஊர் சிரித்தது. எந்த மரம் தாங்கும் என்று சொல்ல ஆள் வேண்டியிருந்தது. கசங்காகியைக் கூப்பிட்டனுப்பினாள்.

ஃபோர்ட் போர்ட்டலிலிருந்து வந்த தச்சர்கள் நேராக வளர்ந்த வேறொரு மரத்தைக் காட்டினார்கள். கசங்காகி சதுப்பின் ஓரத்தில் நின்ற ஒரு முபுரா மரத்தைக் காட்டினார். மூன்று பேர் கைகோத்தாலும் பிடிபடாத அடிமரம்.

"இது என் ரம்பத்தோட பல்லை ரெண்டு தடவை தின்ன சாதி. இதுக்குமேல என்ன சாட்சி வேணும்?" என்றார்.

உண்மைதான். முபுராவின் கட்டையில் மணல் கலந்ததுபோல ஒரு கடினம் உண்டு. நான்கு இழுப்பில் ரம்பம் மழுங்கிப்போகும். அதனால் அறுப்புக்காரர்கள் அதைத் தொடுவதில்லை. கசங்காகி நூற்றுக்கணக்கான மரங்களைப் பிளந்து உள்ளே பார்த்திருக்கிறார். முபுராவை மட்டும் பிளந்ததில்லை. மற்ற மரங்களை உள்ளே பார்த்து அறிந்தவர், இந்த மரத்தை வெளியே பார்த்து மதித்தார். அறிவதும் மதிப்பதும் ஒன்றல்ல என்பது பதினோரு வருஷம் அவருக்குத் தோன்றவில்லை. நியாங்கோமாவுக்கும் தோன்றவில்லை. அவள் கேட்டது ஒரே கேள்வி: "தாங்குமா, அட்வோக்கி?" அவர், "தாங்கும், அமூட்டி" என்றார். அந்த ஒரு சொல்லின்மேல் வீடு எழுந்தது. தேயிலைத் தோட்டத்தில் பெயரில்லாத ஒரு கூடையாக இருந்தவர், மரம் தெரிந்தவர் ஆனதும் அந்தச் சொல்லால்தான்.

வீடு என்றால் ஓர் அறை, ஒரு கட்டில், முன்னால் இரண்டு நாற்காலி போடுமளவு மேடை. தரையிலிருந்து நாற்பதடி. மரத்தில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. பட்டையைச் சுற்றிக் கட்டை வளையம், அதற்கும் பட்டைக்கும் நடுவே ஆப்புகள், வளையத்தை இறுக்கும் கம்பிவடம். மரம் பருக்கப் பருக்க வருஷம் ஒருமுறை ஆப்புகளைத் தளர்த்துவார்கள். மழைநீர் மேலேயே ஒரு தொட்டியில் விழும். கழிப்பறைக்கு மரத்தூளும் சாம்பலும். வெயில் தந்த அளவுக்கு விளக்கு. வருகிறவர்கள் இதையெல்லாம் படமெடுத்துக்கொண்டு போவார்கள். கசங்காகிக்கு அதில் வியக்க ஒன்றும் இருக்கவில்லை. அவர் பிறந்த வீட்டிலும் மழைநீரும் சாம்பலும் வெயிலும்தான் இருந்தன.

மழை விட்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, விருந்தினரைக் காட்டுக்குள் அழைத்துப்போகும் பலிண்டா சமையலறைக்குள் ஓடிவந்தான். முப்பத்தைந்து வயதானவன் ஓடுகிறான் என்றால் யானை வந்திருக்க வேண்டும் என்று பாத்திரத்தைக் கீழே வைத்தார்கள். யானை இல்லை. அராலியின் மறுபக்கத்தில், சதுப்பைப் பார்த்த பக்கத்தில், ஓர் இருவாச்சி கூடு வைத்திருக்கிறது. பலிண்டா கோரைக்குள் தவளை தேடப் போனவன், அண்ணாந்தபோது பார்த்திருக்கிறான். ஆண்பறவை பட்டையைப் பற்றிக்கொண்டு, ஒரு பிளவுக்குள் அத்திப்பழத்தை ஒவ்வொன்றாகக் கக்கிக் கொடுத்ததாம். உள்ளேயிருந்து ஓர் அலகு நுனி வந்து வாங்கிக்கொண்டதாம்.

சமையலறை குதூகலமாயிற்று. பெண் இருவாச்சி பொந்துக்குள் போய், சேற்றால் வாசலை அடைத்துக்கொண்டு, குஞ்சு வளரும்வரை நான்கு மாதம் வெளியே வராமல் இருப்பதை நியாங்கோமாவின் விருந்தினர் பலரும் புத்தகத்தில்தான் பார்த்திருந்தார்கள். இனி ஜன்னலில் சாய்ந்தபடி பார்க்கலாம். அதிகம் சிரிக்காத நியாங்கோமா அன்று சிரித்தாள். சனிக்கிழமை பெர்பெத்துவா நர்ஸம்மா வருகிறார். ஒன்பது வருஷமாக வந்து மூன்றாவது வீட்டிலேயே பத்து நாள் தங்குகிறவர். அவருக்குத்தான் முதலில் காட்ட வேண்டும் என்றாள். மறுபக்கச் சுவரில் ஒரு ஜன்னல் வைக்க முடியுமா என்று கசங்காகியைத் திரும்பிப் பார்த்தாள்.

கசங்காகி தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

இருவாச்சி மரத்தைக் கொத்திப் பொந்து செய்யும் பறவை அல்ல. பொந்து இருக்கும் இடத்தில்தான் அது குடியேறும்.

மத்தியானம் எல்லோரும் உண்ணப் போனபின் அவர் சதுப்புக்குள் இறங்கினார். முழங்கால்வரை சேறு, முள்கொடி. வீடு கட்டியபோதும் அதற்குப் பிறகும் அந்தப் பக்கம் அவர் வந்ததில்லை. வர வேண்டிய வேலை ஒன்றும் இருக்கவில்லை என்று இதுவரை நினைத்திருந்தார். இப்போது அண்ணாந்து பார்த்தார். இருபத்தைந்து அடி உயரத்தில், காய்ந்த சேறு பூசிய நீள்பிளவு. அதற்குக் கீழே, எப்போதோ ஒரு பெருங்கிளை முறிந்து விழுந்த வடு, கறுத்து, உள்வாங்கிக் கிடந்தது. கசங்காகி கொட்டாப்புளியை எடுத்தார். ஏனோ முதலில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். தட்டினார்.

பானை.

இன்னோர் இடத்தில் தட்டினார். அங்கும் காலிப் பானையின் சத்தம். மாலையில் வீட்டுக்குள் ஏறி, தரைப்பலகையைத் தூக்கி, வளையத்துக்குக் கீழே கை எட்டியமட்டும் தட்டினார். வளையத்துக்கு இரண்டு முழம் கீழே கட்டையின் சத்தம் நின்று, வெற்றிடத்தின் சத்தம் தொடங்கியது.

அன்றிரவும் மறுநாளும் கசங்காகி தம்மோடு வாதாடினார். அவர் சொல்லிக்கொண்டவற்றில் பொய் ஒன்றும் இல்லை. உள்ளே பொந்தான மரம் நூறு வருஷம் நிற்கும், மூங்கில் நிற்கவில்லையா? பதினோரு வருஷக் காற்றில் அசையாத வீடு. நர்ஸம்மா ஒருவர்தான், அதுவும் மெலிந்த உடம்பு. பறவை போனபிறகு, வறண்ட மாதத்தில், வேறு காரணம் சொல்லி வீட்டை இறக்கலாம். ஒவ்வொன்றும் சரியாகவே இருந்தது. ஆனால் எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தது அவருக்கே பிடிபட்டது. மரம் விழும் என்று அவரால் சொல்ல முடியாது. விழாது என்றும் சொல்ல முடியாது. பதினோரு வருஷமாக அவர் இரண்டாவதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை மாலை வீட்டில், அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்த மனைவியிடம், "பசெமேரா, தண்ணி குடு" என்றார்.

துடுப்பு நின்றது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"யாரு செத்தது?"

"என்ன?"

"இருபத்தெட்டு வருஷமா அக்கீக்கின்னு கூப்பிட்ட வாய். இன்னிக்குப் பொறந்த பேரைச் சொல்லுது. ஒண்ணு யாரோ செத்திருக்கணும், இல்ல நான் ஏதோ திருடியிருக்கணும். நான் திருடலை."

கசங்காகி உட்கார்ந்தார். வாய் தவறிப் போனதை அவர் கவனிக்கவே இல்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். பசெமேரா களியைப் பரிமாறும் கூடைக்குள் தள்ளி மூடினாள். ஒரு குழந்தைக்கு வணக்கப் பெயர் வைத்துவிட்டால் அது திருடாது என்று எந்த ஊரில் எழுதியிருக்கிறது என்று கேட்டாள். மற்ற நாலு மரத்தையும் சந்தேகப்பட்டு நல்லபடியாகப் பார்த்துக்கொண்டவர், பிடித்த மரத்தைப் பார்க்காமலே விட்டிருக்கிறார் என்றாள்.

"என்னையும் அப்படித்தான்," என்றாள், கூடையை அவர்முன் நகர்த்திக்கொண்டே. "பல்வலின்னு போன மாசமே சொன்னேன். அக்கீக்கி அக்கீக்கின்னு கொஞ்சுனீங்க. பல்லைப் பாத்தீங்களா?"

"நாளைக்குச் சொல்லிடறேன்."

"பல்லையா, மரத்தையா?"

"மரத்தை. பல்லுக்குத் திங்கக்கிழமை போலாம்."

வெள்ளிக்கிழமை காலை நியாங்கோமா வராந்தாவில் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு அவசரமானாலும் வணக்கத்தைத் தாண்டிப் பேச்சைத் தொடங்க முடியாது. ராத்திரி எப்படிப் போனது, வீட்டில் எப்படி, மாடு எப்படி என்று கேட்டார். அவள் எல்லாம் நலம் என்றாள். அவள் கேட்டாள்; அவரும் நலம் என்றார். வணக்கம் முடிந்துவிட்டது. கசங்காகி மறுபடி அவள் மாமியாரின் மூட்டுவலியைப் பற்றிக் கேட்டார். அதுவும் முடிந்தது. கன்று போட்ட மாட்டைப் பற்றிக் கேட்டார். நியாங்கோமா மடித்த விரிப்பை மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"அட்வோக்கி, மாடு நல்லாருக்குன்னு ரெண்டு தடவை சொல்லிட்டேன். நீங்க எதுக்கு வந்தீங்க?"

"மூணாவது வீட்ல யாரும் தங்கக்கூடாது, அமூட்டி. அராலி உள்ளே வெறும் பொந்து. பறவை தெரிஞ்சுக்கிச்சு. நான் தெரிஞ்சுக்கலை."

அவள் எழுந்துவந்து படியில் நின்றாள். எத்தனை நாளாக என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாது. கட்டுறதுக்கு முன்னாடியேகூட இருந்திருக்கலாம். நான் பின்பக்கம் போய்ப் பாத்ததே இல்ல. மத்த மரத்தைத் தட்டுன மாதிரி இதைத் தட்டினதும் இல்ல."

முற்றத்தில் ஒரு விருந்தினர் பல் துலக்கிக்கொண்டு போனார், அவருக்குத் தலையசைத்தாள். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"என் பிள்ளைங்க அதுல தூங்கியிருக்காங்க, கசங்காகி."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவர் தாங்கியிருப்பார். பதினோரு வருஷத்தில் அவள் வாயில் அந்தப் பெயரை அவர் கேட்டதில்லை. கம்பளிச்சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டதுபோல் இருந்தது.

ஊரிலிருந்து தச்சர்களை வரவழைத்து, நாளைக்கே வீட்டைப் பிரித்து எறியச் சொல்வதாக நியாங்கோமா சொன்னாள். பலிண்டா குறுக்கே வந்தான். சுத்தியல் சத்தம் கேட்டால் ஆண்பறவை வராது. அது வராவிட்டால் உள்ளே சிறகுதிர்த்துக் கிடக்கும் தாயும் குஞ்சும் பட்டினி கிடந்து சாகும் என்றான். அப்படியானால் நான்கு மாதம் அந்தப் பாரத்தை அதன் தலைமேல் வைத்திருக்கலாமா, மரம் சாய்ந்தால் பறவை மட்டும் பிழைக்குமா என்று அவள் கேட்டாள்.

கசங்காகி, தாமே இறக்குவதாகச் சொன்னார். எல்லாம் போல்ட்டும் நட்டும் ஆப்பும்தான், சுத்தியலே தேவையில்லை. முதலில் தண்ணீர்த்தொட்டி, பிறகு கட்டில், பிறகு கூரை, சுவர், தரை. ஆண்பறவை இரை தேடிப் போயிருக்கும் நேரத்தில் மட்டும் கை வைப்பார். வந்தால் அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

"இடுப்புல கயிறு கட்டிக்கணும். கயித்தோட மறுமுனை அந்த மரத்துல இருக்கக்கூடாது, பக்கத்து மரத்துல இருக்கணும். அதை பலிண்டா கட்டட்டும்," என்றாள். நீங்க கட்ட வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

சனிக்கிழமை பெர்பெத்துவா நர்ஸம்மா கம்பாலாவிலிருந்து வந்து இறங்கினார். எழுபது வயது. கண்டா இனத்துக்காரர், அவர்களுக்கு வணக்கப் பெயர் கிடையாது. முதல் வருஷம் சமையலறைப் பெண்கள் அவருக்கு அப்வோலி என்று வைத்தார்கள். பன்னிரண்டு பெயரை வைத்துக்கொண்டு ஒரு நாட்டையே ஓட்டுகிற சிக்கனம் உங்களுக்குத்தான் வரும் என்று அன்றிலிருந்து கேலி செய்வார்; ஆனால் அப்வோலி என்று கூப்பிடாவிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். இரண்டாவது வீடுதான் என்றதும் முகம் சுளித்தார். அங்கே மெத்தை பள்ளம், காலை வெயில் கண்ணில் அடிக்கும் என்று பட்டியல் போட்டார். காரணத்தை நியாங்கோமா சொன்னதும் நிறுத்திக்கொண்டு, ஒரு நாற்காலி கேட்டார். சதுப்பின் மறுகரையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு கண் பறவைமேல், ஒரு கண் மேலே கயிற்றோடு உட்கார்ந்திருந்த கசங்காகிமேல்.

உச்சிவேளையில் கசங்காகி இறங்கிவந்தபோது நர்ஸம்மா கேட்டார்: "ஒன்பது வருஷம் என்னை அதுமேல படுக்க வச்சிருக்கீங்க, அட்வோக்கி. நல்லாத்தான் தூங்குனேன். அதுக்கு உங்களைத் திட்டணுமா, கும்பிடணுமா?"

"திட்டுங்க, அப்வோலி."

"திட்டறதுக்கு உங்க முதலாளியம்மா இருக்காங்க." வேர்க்கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டார். "நாப்பது வருஷம் ஆஸ்பத்திரியில வேலை பாத்தேன். உள்ளே என்ன இருக்குன்னு தெரியாமலே முதுகுல தட்டிக்கொடுத்து, நல்லாருக்கீங்கன்னு எத்தனை பேரை அனுப்பியிருப்பேன். அதுல சில பேரு நல்லாவும் இருந்தாங்க."

"மத்தவங்க?"

"மத்தவங்க திரும்பி வந்து சொல்லலை," என்றார் நர்ஸம்மா. கடலைத்தோலை மடியிலிருந்து தட்டிவிட்டு, அதோ உங்கள் ஆள் வருகிறான் என்று வானத்தைக் காட்டினார்.

பறவை வருவதைக் காணுமுன்பே கேட்கலாம். சைக்கிளுக்குக் காற்றடிப்பதுபோல, இறக்கையின் ஒவ்வோர் அடியும் தனித்தனியாக விழும். கசங்காகிக்கு அந்தச் சத்தமே வேலைநிறுத்த மணி ஆயிற்று. கேட்டவுடன் ஸ்பேனரை மடியில் வைத்துவிட்டு அசையாமல் இருப்பார். அது அவரைத் தலைசாய்த்துப் பார்க்கும். முதல் வாரத்தில் இரண்டு முறை பழத்தைக் கொடுக்காமலே திரும்பிப் போயிற்று. அன்றெல்லாம் அவர் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் இறங்கிவிட்டார். மூன்றாம் நாள் ஸ்பேனரின் தலைக்கு ஒரு துணியைச் சுற்றினார். இரும்பு இரும்பில் படும் சத்தம் அடங்கியது. பறவை அவரிடம் பழகிக்கொண்டதோ, அலட்சியம் செய்யக் கற்றுக்கொண்டதோ, ஒழுங்காக வரத் தொடங்கியது. காலையில் மூன்று முறை. உச்சி வெயிலில் நீண்ட இடைவெளி. மாலையில் இரண்டு முறை.

அந்த இடைவெளிகளில் வீடு குறைந்துகொண்டே வந்தது. தொட்டியைக் காலி செய்து கயிற்றில் இறக்கினார். ஓலைக்கூரை கட்டுக்கட்டாக இறங்கியது. சுவர்ப் பலகைகளை ஒவ்வொன்றாக பலிண்டா கீழே வாங்கி அடுக்கினான். பத்து நாள் முடிந்து நர்ஸம்மா போனார். போகுமுன் இரண்டாவது வீட்டு மெத்தையைப் பற்றி மறுபடி ஒருமுறை சொன்னார். பசெமேராவின் கடைவாய்ப்பல் பிடுங்கப்பட்டது. நியாங்கோமா தினமும் ஒருமுறை மரத்தடிக்கு வந்து, கயிறு கட்டியிருப்பதை இழுத்துப் பார்ப்பாள். சாப்பாடு ஆச்சா, கசங்காகி. மழை வரும்போலிருக்கு, இறங்குங்க, கசங்காகி. கடுமை ஒன்றும் இல்லை. அந்தப் பெயர் மட்டும் மாறவில்லை. அவரும் அமூட்டி என்று பதில் சொல்லத் தயங்கி, பல நேரம் பெயரில்லாமலே பேசினார். வெளியூர்க்காரர் எவருக்கும் இது ஒரு தண்டனையாகத் தெரிந்திருக்காது. சமையலறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர் வந்தால் பேச்சைக் குறைத்தார்கள்.

மேலே உட்கார்ந்து பறவைக்காகக் காத்திருக்கும் நேரங்களில் அவருக்கு யோசிக்க நிறைய இருந்தது. அராலி தம்மை ஏமாற்றவில்லை என்பது மெல்லத் தெளிந்தது. மரம் எதையும் மறைக்கவில்லை. கறுத்த வடுவைப் பதினோரு வருஷமாகச் சதுப்புக்கும் தவளைகளுக்கும் காட்டிக்கொண்டே நின்றது. மறைத்தது அவருடைய உள்ளங்கை. அதை வைக்கும் இடத்தில் வழவழப்பு உண்டாகும்வரை வைத்தாரே தவிர, ஓரடி நகர்த்தி வைக்கவில்லை. இதை யாரிடமும் சொல்லிக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை. சொன்னாலும், அதற்கென்ன இப்போது என்றுதான் கேட்டிருப்பார்கள். அப்படிக் கேட்பதும் நியாயம்.

ஆறாவது வாரத்தின் முடிவில் வளையத்தையும் கழற்றினார். கம்பிவடம் தளர்ந்தபோது, அதன் கீழே இருந்த பட்டை வெளுத்து, ஈரமாக, புண் ஆறிய தோலைப்போல் இருந்தது. மரம் ஒரு பெருமூச்சும் விடவில்லை. முன்பு நின்றதுபோலவே நின்றது. உள்ளேயிருந்து மட்டும், கட்டையில் அலகு உரசும் சத்தம் லேசாகக் கேட்டது. அவர் இறங்கிவந்து இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார்.

பறவை வெளியே வந்த நாளை அவர் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், அவர் நிலக்கடலைக் குழம்போடு வாழைக்காய் மசியலைப் பிசைந்துகொண்டிருந்தபோது, தாய் சேற்றுச் சுவரை உடைத்துக்கொண்டு வந்திருக்கிறது. பின்னாலேயே குஞ்சும் வந்திருக்கிறது. பலிண்டாவும் நான்கு விருந்தினரும் பார்த்தார்கள். தாய் கொழுத்து, பறக்க மறந்து, ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்கு விழுந்து எழுந்து போனதாம். இவ்வளவு நாள் காத்திருந்துவிட்டு வாழைக்காயை விடாமல் தின்றிருக்கிறீர்களே என்று பலிண்டா அங்கலாய்த்தான். கசங்காகி கையைக் கழுவிக்கொண்டு, காட்டுக்குள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று கேட்டார். சேர்ந்தது என்றான் அவன். அப்புறம் என்ன என்றார்.

மறுநாள் காலை அவர் வழக்கம்போல் கொட்டாப்புளியோடு கிளம்பினார். மற்ற நான்கு மரங்களையும் முடித்து அராலியை நெருங்கியபோது, நியாங்கோமா அங்கே நின்றிருந்தாள். காலில் ரப்பர் பூட்ஸ். இரவு எப்படிப் போனது என்று அவர் கேட்டார். அவள் பதில் சொல்லிவிட்டு, அவர் ஸ்பேனரில் சுற்றியிருந்தது விருந்தினர் துண்டு, நல்ல துண்டு, ஆறு வாரம் அதைத் தேடினேன் என்றாள். அவர் தலையைச் சொறிந்தார்.

"சரி, வாங்க. பின்பக்கம் போவோம்," என்றாள்.

இருவரும் சதுப்புக்குள் இறங்கினார்கள். முள்கொடியை அவர் விலக்கிப் பிடித்தார். பூட்ஸ் ஒன்று சேற்றில் மாட்டிக்கொள்ள, அவள் மரத்தைப் பிடித்துக்கொண்டு காலை உருவினாள். காலியான பிளவின் ஓரத்தில் உடைந்த சேறு தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கையை நீட்டினாள். கசங்காகி கொட்டாப்புளியைக் கொடுத்தார். அதை யாரிடமும் அவர் கொடுத்ததில்லை. அவள் தோளுயரத்தில் ஒன்று தட்டினாள். தலையை அவரைப்போலவே சாய்த்துக் கேட்டாள். இன்னொன்று தட்டினாள்.

"எனக்கு ஒரு வித்தியாசமும் கேக்கலியே, அட்வோக்கி."

கசங்காகி அவள் பக்கத்தில் போய் உள்ளங்கையை மரத்தில் வைத்தார்.

"இன்னும் ஒரு முழம் கீழே தட்டுங்க, அமூட்டி," என்றார்.